குதிக்கும் முன் இறங்கப் பழகு!

கால்களுக்கு வெடிப்பு வேகம் தரும் பிளையோமெட்ரிக் பயிற்சி: முட்டியைக் கெடுக்காமல் செய்வது எப்படி?

காவலர் தேர்வு அறிவிப்பு வெளியாகிவிட்டால் தமிழ்நாட்டின் மாவட்ட விளையாட்டு மைதானங்கள் பொழுது விடியும் முன்பே நிரம்பிவிடும். ஒரு பக்கம் ஓட்டம், ஒரு பக்கம் கயிறு ஏறுதல், மணல் குழியைச் சுற்றி ஒரு கூட்டம். இரண்டாம் நிலைக் காவலருக்கான உடல்திறன் போட்டியில் நீளம் தாண்டுதலைத் தேர்ந்தெடுக்கும் ஆண்கள் 3.80 மீட்டர் தாண்டினால் ஒரு நட்சத்திரம், 4.50 மீட்டர் தாண்டினால் இரண்டு நட்சத்திரம். அந்த 70 சென்டிமீட்டருக்காக இளைஞர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. கேலரிப் படிகளில் இரண்டு கால்களையும் சேர்த்துத் தாவி ஏறுகிறார்கள். திண்டின் மேலிருந்து சிமென்ட் தரையில் குதிக்கிறார்கள். தார் ரோட்டில் தவளைப் பாய்ச்சல் போடுகிறார்கள். ரீல்ஸில் யாரோ இடுப்பு உயரப் பெட்டியில் தாவி ஏறியதைப் பார்த்துவிட்டு, மறுநாளே அதையும் முயல்கிறார்கள். முட்டியில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவர்களையும் அதே மைதானத்தில் பார்க்கலாம்.

இவர்களுடைய உழைப்பில் குறையே கிடையாது. குதிப்புப் பயிற்சி கால்களுக்கு அசாத்திய விசையைத் தரும் என்ற நம்பிக்கையும் சரியானதுதான். வாலிபால், கபடி, கூடைப்பந்து, ஓட்டம் என்று எந்த விளையாட்டை எடுத்தாலும் அந்த விசைக்கு மதிப்பு உண்டு. தப்பாகப் போவது வரிசை. எல்லோரும் மேலே எழும்புவதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார்கள். கீழே இறங்குவதை யாரும் சொல்லித்தருவதில்லை. காயம் ஏற்படுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். குதிப்பதற்கான கூடுதல் சக்தி பிறப்பதும் அதே இறக்கத்தில்தான். ஆகவே, பத்திரமாக இறங்கத் தெரிந்தவர்தான் உயரமாகவும் குதிப்பார்.

விசை எங்கிருந்து வருகிறது?

முட்டியில் வலியோ பழைய காயமோ இல்லாதவர்கள் வீட்டு முற்றத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் மூன்று விநாடி அசையாமல் இருங்கள். அங்கிருந்து நேராக மேலே குதியுங்கள். கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு, நின்ற நிலையிலிருந்து சட்டென்று கீழே அமிழ்ந்து, நிற்காமல் உடனே எழும்புங்கள். இரண்டாவது குதிப்பில் கூடுதலாக எழும்பியிருப்பீர்கள். அதே கால், அதே தசை, அதே நிமிடம். வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

வேகமாக அமிழும்போது தொடைத் தசைகளும் கெண்டைக்கால் தசைகளும் நீளும். அவற்றை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள், இழுபட்ட உண்டிவில் ரப்பரைப் போல விசையைச் சேமித்துக்கொள்ளும். இந்தத் திடீர் நீட்சியை உணர்ந்த நரம்புகள், 'சுருங்கு' என்று தசைக்கு உடனே கட்டளை அனுப்பும். சேமித்த விசையும் புதிதாகச் சுருங்கும் தசையின் விசையும் ஒன்றுசேர்ந்து உடலை மேலே தள்ளும். அடியில் தாமதித்தால் சேமிப்பின் பெரும்பகுதி வீணாகிவிடும். மூன்று விநாடி காத்திருந்த குதிப்பு தோற்பதற்கு இதுவே காரணம்.

வேகமான ஓட்டத்திலும் துள்ளலிலும் பாதம் தரையைத் தொட்டு விலக ஆகும் நேரம் கால் விநாடிக்கும் குறைவு. அந்தக் கணத்துக்குள் விழும் வேகத்தைத் தாங்கி, நிறுத்தி, எழும்பும் வேகமாக மாற்றும் திறனை வளர்ப்பதுதான் பிளையோமெட்ரிக் பயிற்சி. எடை தூக்கினால் வலிமை கூடும். அந்த வலிமையைக் கண நேரத்தில் வெளிப்படுத்தக் கற்றுத்தருவது இது.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மும்முறை தாண்டுதலைப் பாருங்கள். தமிழ்நாட்டு வீரர் பிரவீன் சித்திரவேல் 2023 மே மாதம் கியூபாவின் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். முழு வேகத்தில் ஓடிவந்து ஒற்றைக் காலில் எழும்பி, அதே காலில் இறங்கி, உடனே மறுபடி எழும்பி, அடுத்த காலில் இறங்கி, மூன்றாவது முறை பறந்து மணலில் விழும் போட்டி அது. அந்த இறக்கங்களில் உடல் எடையைப் போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட விசை ஒற்றைக் காலில் இறங்குவதை ஆய்வுக்கூட அளவீடுகள் காட்டியிருக்கின்றன. சாதாரண ஓட்டத்தில் அது இரண்டு, மூன்று மடங்குதான். பல ஆண்டுப் பயிற்சி பெற்ற கால்கள் தாங்கும் சுமையை நேற்று மைதானத்துக்கு வந்த கால்களின் மேல் ஏற்றக் கூடாது.

சோவியத் மைதானங்களில் பிறந்த முறை

குதிப்பு எல்லாக் காலத்திலும் விளையாட்டு வீரர்களின் பயிற்சியில் இருந்ததுதான். அதைக் கணக்கும் ஒழுங்கும் கொண்ட முறையாக்கியவர்களில் முதன்மையானவர், சோவியத் யூனியனின் தடகளப் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி. ஓர் உயரத்திலிருந்து விழுந்து, தரையைத் தொட்ட மறுகணமே எழும்பும் 'டெப்த் ஜம்ப்' பயிற்சியை 1960-களில் அவர் உலகுக்கு அறிமுகம் செய்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வலேரி போர்சோவ் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது, இவர்களுடைய பயிற்சியின் ரகசியம் என்ன என்று மேற்கு நாடுகள் தேடத் தொடங்கின. 1975-இல் அமெரிக்கப் பயிற்சியாளர் ஃப்ரெட் வில்ட், பிளையோமெட்ரிக்ஸ் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

பெயர் பரவிய வேகத்தில் அதோடு சேர்ந்த கட்டுப்பாடுகள் பரவவில்லை. தேர்ந்த வீரர்களுக்கே ஒரு வேளைக்கு 40 டெப்த் ஜம்ப் என்பதுதான் வெர்கோஷான்ஸ்கி வைத்த எல்லை. அதுவும் நீண்ட கால வலிமைப் பயிற்சியால் கால்களைத் தயார்செய்த பிறகு, வாரத்தில் ஓரிரு நாள் மட்டும். மருந்தைப் போல அளவு பார்த்துக் கொடுத்ததை இன்று 'நூறு ஜம்ப் சேலஞ்ச்' என்று விருந்தாக்கி வைத்திருக்கிறோம்.

இமைக்கும் முன் கிழியும் ஜவ்வு

'முட்டி ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று விளையாட்டு வீரர்கள் கலங்கிச் சொல்வது பெரும்பாலும் ஏ.சி.எல். என்ற தசைநாரைத்தான். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் பிணைத்து வைத்திருக்கும் நார் அது. அது கிழிய யாரும் வந்து மோத வேண்டியதில்லை. தானாகக் குதித்து, தானாக இறங்கும்போதே அறுந்துபோகும். காயம் நிகழ்ந்த வீடியோக்களைப் படம் படமாக ஆராய்ந்தவர்கள், கால் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லி விநாடியிலேயே கிழிசல் நிகழ்வதாகக் கணித்திருக்கிறார்கள். கண் இமைக்க ஆகும் நேரத்தைவிடக் குறைவு. 'ஐயோ, முட்டி திரும்புகிறதே' என்று உணர்ந்து திருத்திக்கொள்ள அவகாசமே இல்லை. சரியான இறக்கம் உடம்பில் பழக்கமாக ஏற்கெனவே ஊறியிருந்தால்தான் தப்பிக்க முடியும்.

பெண்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் பல மடங்கு அதிகம். இறங்கும்போது முட்டிகள் இரண்டும் உள்நோக்கி ஒன்றையொன்று நெருங்குவது முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆனால் இது திருத்த முடியாத விதி கிடையாது. அமெரிக்காவில் டிமோதி ஹெவெட்டின் குழு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி வீராங்கனைகளுக்கு ஆறு வாரம் குதிப்பும் இறக்கமும் கற்றுத்தந்தார்கள். பயிற்சி பெறாத வீராங்கனைகளுக்கு முட்டிக் காயம், பயிற்சி பெற்றவர்களைவிட 3.6 மடங்கு அதிகமாக இருந்தது. ஃபிஃபாவின் '11+' வார்ம்-அப் திட்டத்திலும் இதே நோக்கத்தில் குதிப்புப் பயிற்சிகள் சேர்க்கப்பட்டுள்ளன. முறையில்லாமல் செய்தால் முட்டியை உடைக்கும் அதே குதிப்பு, முறையாகக் கற்றால் முட்டிக்குக் காவலாகிறது. மகளுக்கு முட்டி போய்விடுமோ என்று பயந்து விளையாட்டையே நிறுத்தும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இறங்குவது எப்படி?

உறுதியான, ஆடாத ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 20 முதல் 30 சென்டிமீட்டர் போதும். அதன் விளிம்பில் நின்று ஒரு காலை முன்னால் நீட்டி, மேலே எழும்பாமல் அப்படியே கீழே இறங்குங்கள். இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில், இடுப்பு அகலத்துக்கு விலகித் தரையைத் தொட வேண்டும். முதலில் முன்பாதம், உடனே தொடர்ந்து குதிகால் லேசாகப் படிய வேண்டும். இடுப்பு பின்னால் போக வேண்டும். பின்னால் இருக்கும் ஸ்டூலில் உட்காரப் போகிறவர் நிலை. முதுகு வளையாமல், மார்பு சற்றே முன்சாய்ந்து, பார்வை நேராக. முட்டி இரண்டும் கால்விரல்கள் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். அந்த நிலையில் மூன்று விநாடி உறைந்து நில்லுங்கள்.

தள்ளாடாமல், பாதத்தை நகர்த்தாமல் நிற்க முடிந்ததா? முடிந்தால் தேர்ச்சி. தடுமாறினால் உயரத்தைக் குறையுங்கள்.

காதும் ஒரு நல்ல பயிற்சியாளர்தான். 'தொம்' என்று தரை அதிர்ந்தால், தசை வாங்க வேண்டிய அதிர்ச்சியை எலும்பும் மூட்டும் வாங்குகின்றன என்று பொருள். சத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல இறக்கம். செல்போனை ஸ்லோ மோஷனில் வைத்து முன்னாலிருந்து ஒருமுறை, பக்கவாட்டிலிருந்து ஒருமுறை படம் எடுத்துப் பாருங்கள். முன்னாலிருந்து எடுத்த படத்தில் முட்டி உள்ளே மடிகிறதா என்று தெரிந்துவிடும். பக்கவாட்டுப் படத்தில், கால் விறைத்தபடி இறங்குகிறதா, இடுப்பும் முட்டியும் கணுக்காலும் சேர்ந்து மடிகின்றனவா என்று தெரியும்.

படிப்படியாக ஐந்து நிலை

முதல் நிலை, மேலே சொன்ன இறக்கம் மட்டும். இதோடு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்), ஒற்றைக் கால் ஸ்குவாட், குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி ஆகியவற்றால் வலிமையைக் கூட்டுங்கள். உடல் எடையோடு 20 ஸ்குவாட் போடும்போதே முட்டி உள்ளே சாய்ந்தால், குதிப்புக்குப் போக வேண்டாம். சில வாரம் இங்கேயே இருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இரண்டாம் நிலை, பெட்டியின் மேல் குதித்து ஏறுவது. மேலே ஏறி நின்றுவிடுவதால் விழும் தூரம் குறைவு, அதிர்ச்சியும் குறைவு. தொடக்கத்துக்கு முட்டி உயரமே போதும். பெட்டியின் உயரத்தைப் போட்டியாக்காதீர்கள். மிக உயரமான பெட்டியில் ஏறுகிறவர் பெரும்பாலும் முட்டியை நெஞ்சு வரை மடக்கித்தான் ஏறுகிறார். உடல் எழும்பிய உயரம் கூடியிருக்காது. தவறினால் கணைக்கால் எலும்பின் தோல் பெட்டி விளிம்பில் உரிந்துவரும். ஏறியபின் பின்பக்கமாகத் துள்ளி இறங்குவது வேண்டாம். களைத்த காலோடு அப்படி இறங்கி உடனே எழும்பும்போது குதிகால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்குங்கள்.

மூன்றாம் நிலை, தரையிலேயே தொடர் குதிப்பு. ஸ்கிப்பிங் கயிறு, முட்டியை அதிகம் மடக்காமல் கணுக்காலால் துள்ளுவது, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டி அசையாமல் நிற்பது. பிறகு 15, 20 சென்டிமீட்டர் தடைகளை அடுத்தடுத்துத் தாண்டுவது.

நான்காம் நிலை, ஒற்றைக் கால். இரண்டு கால்கள் பகிர்ந்துகொண்ட சுமை முழுவதும் ஒரே காலில் இறங்குகிறது. ஆகவே உயரம், தூரம், எண்ணிக்கை மூன்றையும் குறைத்துத் தொடங்க வேண்டும்.

ஐந்தாம் நிலைதான் டெப்த் ஜம்ப். 30 சென்டிமீட்டரிலிருந்து தொடங்குங்கள். தரையைத் தொட்டவுடன் எழும்பும் உயரம் குறைந்தாலோ, குதிகால் தரையில் அறைந்தாலோ அந்த உயரம் உங்களுக்கு அதிகம். உடல் எடையைப் போல் ஒன்றரை மடங்கு எடையோடு ஸ்குவாட் போட முடிந்தவர்களுக்கே கடுமையான குதிப்புகள் என்பது பயிற்சியாளர்களிடையே நெடுநாள் வழக்கம். 100 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் சுமார் 45 சென்டிமீட்டரைத் தாண்டிய உயரத்திலிருந்து குதிக்கக் கூடாது. நின்ற இடத்திலிருந்து உயரம் தாண்டுவதையும் நீளம் தாண்டுவதையும் மேம்படுத்த நினைக்கும் பெரும்பாலானோருக்கு முதல் மூன்று நிலைகளே போதுமான பலன் தரும்.

எத்தனை? எப்போது?

குதிப்புப் பயிற்சியின் அளவைப் பாதம் தரையைத் தொடும் எண்ணிக்கையால் கணக்கிடுவார்கள். அமெரிக்காவின் என்.எஸ்.சி.ஏ. என்ற உடற்பயிற்சி வல்லுநர் அமைப்பின் வழிகாட்டுதல்படி, தொடக்க நிலையினருக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 100. நன்கு பழகியவர்களுக்கு 120 முதல் 140. ஒரு பயிற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே 48 முதல் 72 மணி நேரம் ஓய்வு. வாரத்துக்கு இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் நல்லது.

மூன்றாம் நிலையில் இருப்பவருக்கு ஒரு நாள் பயிற்சி இப்படி அமையலாம். பத்து நிமிடம் மெல்லோட்டம், கால் வீசுதல், ஒரு காலை முன்வைத்து முட்டியை மடக்கி நடக்கும் 'லஞ்ச்' நடை என வார்ம்-அப். பலகையிலிருந்து இறங்குதல் 5 வீதம் 3 முறை. நின்ற இடத்தில் குதித்து உறைந்து நிற்றல் 5 வீதம் 3 முறை. பெட்டிக் குதிப்பு 5 வீதம் 4 முறை. கணுக்கால் துள்ளல் 10 வீதம் 3 முறை. மொத்தம் 80. ஒவ்வொரு முறைக்கும் நடுவே இரண்டு நிமிடமாவது ஓய்வு.

'இவ்வளவு ஓய்வா? வியர்க்கவே இல்லையே!' என்று தோன்றும். தோன்றட்டும். மூச்சு வாங்க வைப்பது இந்தப் பயிற்சியின் நோக்கமே இல்லை. ஒவ்வொரு குதிப்பும் முழு வேகத்தில், முழுக் கவனத்தில் நடக்க வேண்டும். களைத்த தசை தாமதமாகச் சுருங்கும்; முட்டி உள்ளே மடியும்; தரையில் கால் தங்கும் நேரம் கூடும். அதற்குமேல் குதித்தால் தவறான இறக்கத்தைத்தான் உடம்புக்குப் பழக்குகிறீர்கள். ஆகவே பயிற்சி நேரத்தின் தொடக்கத்திலேயே, உடல் புதிதாக இருக்கும்போது குதிப்பை முடித்துவிடுங்கள். நீண்ட ஓட்டமும் எடைப் பயிற்சியும் பிறகு. காவலர் தேர்வுக்கோ மாவட்டப் போட்டிக்கோ தயாராகிறவர்கள் கடைசி வாரத்தில் புதிய குதிப்பு எதையும் தொடங்க வேண்டாம்.

எந்தத் தரை? என்ன ஷூ?

நல்ல புல்தரை, சிந்தெடிக் டிராக், மரத் தளம் ஆகியவை ஏற்றவை. சிமென்ட், டைல்ஸ், தார் ரோடு கூடவே கூடாது. மொட்டை மாடியில் குதிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பனி ஈரம் காயாத புல்லும் வழுக்கும். பஞ்சு மெத்தை பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்; பாதம் புதைந்து கணுக்கால் பிசகும். கடற்கரை மணல் அதிர்ச்சியைக் குறைப்பதால் தொடக்கத்துக்கு நல்லதே. ஆனால் மணல் விசையை விழுங்கிவிடும். தரையிலிருந்து சட்டென்று எழும்பும் திறனை அங்கே வளர்க்க முடியாது. செருப்போடு குதிக்கவே கூடாது. மிகத் தடித்த, மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட ஓட்ட ஷூக்கள் பக்கவாட்டில் சாயும். தட்டையான, பிடிமானமுள்ள ஷூ போதும்.

வலி சொல்லும் சேதி

மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக ஒரு வலி இருக்கும். இரண்டு மூன்று நாளில் அது தானாகப் போய்விடும். வேறு சில வலிகளை அப்படி விடக் கூடாது. முட்டிச் சில்லுக்கு நேர் கீழே விரல் வைத்துக் காட்டும்படியான வலி, குதிக்கும் வீரர்களின் தசைநாண் கோளாறு. வாலிபால் வீரர்களிடம் இது மிகச் சாதாரணம். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்கு மேல் விறைப்பு இருந்தால், அங்குள்ள தசைநாண் புலம்புகிறது என்று பொருள். கணைக்கால் எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தினால் சுருக்கென்றால், எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். இந்த மூன்றிலும் குதிப்பை நிறுத்திவிட்டு விளையாட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள்.

இறங்கும்போது முட்டிக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் அது ஏ.சி.எல். கிழிசலாக இருக்க வாய்ப்பு அதிகம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. எலும்பு மூட்டு மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் விளையாட்டுக்குத் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம் தேவை. அவசரப்பட்டுத் திரும்பினால் மறுபடி கிழியும் ஆபத்து கூடும்.

நாற்பதைத் தாண்டி முதன்முறையாகத் தொடங்குகிறவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தை பெற்ற பெண்கள் குறைந்தது மூன்று மாதமாவது பொறுத்து, இடுப்புத்தளத் தசைகளைப் பலப்படுத்திய பிறகே குதிப்புக்குத் திரும்புவது நல்லது. குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். அது பிசியோதெரபியில் பெரும்பாலும் சரியாகக்கூடியதுதான்.

பள்ளியிலிருந்தே தொடங்கலாம்

குழந்தைகளுக்குக் குதிப்பு ஆபத்து என்று ஒரு பயம் இருக்கிறது. ஆனால் பாண்டி ஆடும் சிறுமியைப் பாருங்கள்: ஒற்றைக் காலில் கட்டம் கட்டமாகத் தாவுகிறாள். கடைசியில் இரண்டு கால்களையும் ஊன்றி நிலைத்து நிற்கிறாள். நொண்டி, பச்சைக்குதிரை, கயிறு தாண்டுதல் எல்லாமே குதிப்புப் பயிற்சிகள்தான். வளரும் வயதில் அளவாகக் குதிப்பது எலும்பை உறுதியாக்கும். தெருவில் அந்த ஆட்டங்கள் குறைந்துபோன தலைமுறை இன்று நேரடியாக ஜிம் பெட்டியின் முன்னால் வந்து நிற்கிறது. இடையில் விடுபட்ட பாடத்தை யாராவது சொல்லித்தர வேண்டும்.

அதற்கு மிகச் சரியான இடம் பள்ளி விளையாட்டு நேரம். ஒரு தாழ்வான பெஞ்சு, சுண்ணாம்புக் கோடு போட்ட புல்தரை, படம் பிடிக்க ஒரு செல்போன் போதும். வாரத்தில் இரண்டு நாள், வார்ம்-அப்போடு சேர்த்துப் பத்து நிமிடம். ஆறாம் வகுப்பில் தொடங்கினால், அந்த மாணவியோ மாணவனோ மாவட்டப் போட்டிக்கு வரும்போது சரியான இறக்கம் யோசிக்காமலே வரும். விளையாட்டு ஆசிரியர்களும் அகாடமி கோச்களும் ஒரு விதியை உறுதியாக வைத்துக்கொள்ளலாம்: சத்தமில்லாமல் இறங்கி, மூன்று விநாடி அசையாமல் நிற்கத் தெரியாத யாரையும் பெட்டியின் மேல் ஏற்ற மாட்டோம். இந்த ஒரு விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், முட்டிக் கட்டோடு விளையாட்டை விட்டுப் போகும் பல பிள்ளைகளை மைதானத்திலேயே தக்கவைத்துக்கொள்ளலாம்.